காத்துல வர்ற கரண்டுக்குக் காப்புரிமை

பழைய பிரெஞ்சு சாமான் ஏதாவது கைக்குக் கிடைத்தால் ஒரு தடவை திருப்பிப் பாருங்க. பூட்டு, மேஜை விளக்கு, காபிக்கொட்டை அரைக்கிற மிஷின், எதுவாக இருந்தாலும் சரி. 'பிரெவெத்தே' என்று பொறித்து, பக்கத்திலேயே எஸ், ஜே, டே, ஜே என்று நாலு எழுத்து இருக்கலாம். காப்புரிமை பெற்றது, ஆனால் 'அரசாங்கத்தின் உத்தரவாதம் இல்லாமல்' என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். பிரான்சின் 1844-ஆம் வருஷத்துச் சட்டப்படி காப்புரிமை கேட்டு மனு போட்டால், படிவம் சரியாக இருக்கிறதா, பணம் கட்டியாச்சா என்று பார்த்து முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். சாமான் புதுசா, வேலை செய்யுமா என்றெல்லாம் யாரும் சோதிக்க மாட்டார்கள். சர்க்கார் சோதிக்காததால் அதை நம்பி ஏமாந்தால் சர்க்கார் பொறுப்பில்லை. அதை ஊருக்குச் சொல்லத்தான் அந்த நாலு எழுத்து. போடாமல் 'காப்புரிமை பெற்றது' என்று மட்டும் விளம்பரம் செய்தால் அபராதம். இந்த வழக்கம் 1968-இல் சட்டம் மாறுகிற வரைக்கும் இருந்தது. நேர்மையான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோணுது.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது, சட்டப்படி முழுசாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. நடுவில் இத்தனை வருஷம், வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குப் போனால் வேற நாடு, வேற காசு, வேற சட்டம். அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சட்டம் முதலில் 1856-இல் வந்தது. அதன் கீழ் முதல் மனு போட்டவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரெட் டிபென்னிங் என்கிற என்ஜினியர். கண்டுபிடிப்பு என்ன தெரியுமா? பங்கா இழுக்கிற யந்திரம். (வெயில் யாரை விட்டது!) 1911-இல் வந்த சட்டம்தான் காப்புரிமைக்கென்று தனியாக ஒரு கட்டுப்பாட்டாளரை கல்கத்தாவில் உட்கார வைத்தது. ஆக ஒரு பக்கம் 'கேட்டால் கொடு', இன்னொரு பக்கம் 'பார்த்துவிட்டுக் கொடு'. நடுவில் ஒரு செக்போஸ்ட்.

இதை இப்போ ஏன் தோண்டுகிறேன் என்றால், போன மாசம் சொந்தத்தில் ஒரு பையன், என்ஜினியரிங் கடைசி வருஷம், 'மாமா, காத்துல இருக்கிற ரேடியோ அலையிலேர்ந்து கரண்ட் எடுக்கிற ப்ராஜெக்ட் பண்ணியிருக்கோம், பேட்டன்ட் வந்துடுச்சு' என்று ஒரு காகிதத்தைக் காட்டினான். பார்த்தால் அது மனு பத்திரிகையில் வெளியானதற்கான அத்தாட்சி. காப்புரிமை இல்லை. ஏற்பாடு செய்து கொடுத்த ஏஜென்ட் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதைச் சொல்லாமலே விட்டிருக்கிறார். அவங்க அப்பா அதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியாச்சு. நான் என்னத்தைச் சொல்ல?

பையனோட சாமானுக்கு இங்கிலீஷில் இருக்கிற பேரைத் தமிழாக்கினால் 'ஆற்றல் அறுவடை'. டெல்டாக்காரங்களுக்குப் பொருத்தமான பேரு :-) ஆன்டெனா அலையைப் பிடிக்கும். அந்த அலை நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஆடும். டயோடு ஒரு திசையை மட்டும் உள்ளே விடும். வந்ததைக் கெப்பாசிட்டர் சேர்த்து வைக்கும். அவ்வளவுதான் தத்துவம். இதுக்கு நூத்து இருபது வருஷத்துச் சரித்திரம் இருக்கு, அதுவும் நம்ம ஆளு ஒருத்தரிடமிருந்து தொடங்குகிறது.

ஜெகதீஷ் சந்திர போஸ். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி வாத்தியார். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியில்லாமல் அலையை அனுப்பி மணி அடிக்க வைத்துக் காட்டினார். அவருக்குக் காப்புரிமை என்றாலே பிடிக்காது. அறிவைக் காசாக்கக் கூடாது என்கிற கட்சி. 1901-இல் லண்டனில் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் காப்புரிமைப் படிவத்தோடயே வந்து நின்றபோது மறுத்துவிட்டு, அந்தச் சலிப்பை தாகூருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரை நிவேதிதாவும் அமெரிக்க சிநேகிதி சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தி, ஒரு மனு போட வைத்தார்கள். 1901 செப்டம்பர் 30-இல் அமெரிக்காவில் தாக்கல். 1904 மார்ச் 29-இல் கிடைத்தது. எண் 7,55,840. பாதி உரிமை சாரா புல் பேரில். கலீனா என்கிற ஈயத்தாதுப் படிகத்தில் முனை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும், அலை வந்தால் மின்னோட்டம் மாறும். அதை வைத்து அலை வந்ததைக் கண்டுபிடிக்கலாம். இரண்டரை வருஷம் அமெரிக்க ஆபீஸில் கிடந்து சோதனை தாண்டி வந்த உரிமை. போஸ் அதை வைத்து ஒரு பைசா சம்பாதிக்கவில்லை.

இங்கே நிறைய பேர் 'ரேடியோவில் கரண்ட் எடுத்ததும் போஸ்தான்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கும் ஆசைதான், ஆனால் அது சரியில்லை. போஸின் கருவிச் சுற்றில் பேட்டரி உண்டு. படிகம் செய்தது கதவு காக்கிற வேலை. கரண்ட் பேட்டரியுடையது. 1902 மே மாசம் அமெரிக்காவில் கிரீன்லீஃப் பிக்கார்ட் என்பவர், கேட்கிற ஒலியில் இரைச்சல் தாங்காமல், சுற்றிலிருந்த பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். செத்துப்போக வேண்டிய சத்தம் தெளிவாகக் கேட்டது! ஹெட்போனை ஆட்டுகிற சக்தி மொத்தமும் அலையிலிருந்தே வருகிறது. ஆற்றல் அறுவடைக்குப் பிறந்தநாள் வைக்கச் சொன்னால் நான் அந்த மே மாசத்தைத்தான் சொல்வேன். அவருடைய சிலிக்கான் படிகத்துக்கு 1906 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. இரண்டு காப்புரிமையிலும் படிகம், இரண்டிலும் முனை. ஆனால் கேட்கிற உரிமை வேற வேற. காப்புரிமை ஆபீஸில் இருக்கிற பரிசோதகரின் முழு வேலையும் இந்த மாதிரி மயிரிழையைப் பிரிக்கிறதுதான்.

(இதே ஊரில் நிக்கோலா டெஸ்லாவுக்கும் 1901 நவம்பரில் 'கதிர்வீச்சு ஆற்றலைப் பயன்படுத்தும் கருவி' என்று ஒன்று கிடைத்திருக்கிறது. இணையத்தில் அதைச் சுற்றி ஓடுகிற 'இலவச கரண்ட்' கதைகளுக்கு அளவே இல்லை. காப்புரிமை கிடைத்தது என்பதற்காக வீட்டில் லைட் எரியும் என்று அர்த்தம் இல்லை. பிரெஞ்சுக்காரனுடைய அந்த நாலு எழுத்தை இங்கேயும் போட்டிருக்கலாம்.)

மெட்ராஸில் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் 1924-இல் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 ஜூனில் சென்னை வானொலி, 1939 மே மாசம் திருச்சி வானொலி. நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நீளமாக ஏரியல் கம்பி கட்டி, பேட்டரியே இல்லாமல் கிரிஸ்டல் செட்டில் கச்சேரி கேட்கலாம். திருச்சியிலிருந்து காரைக்கால் வரைக்கும் அந்தத் தெம்பு வராது, இங்கே வால்வு ரேடியோதான் வேணும்.

பிறகு உலகம் இதை இரண்டு வழியில் வளர்த்தது. ஒன்று வேவு வேலை. 1945 ஆகஸ்டில் சோவியத் பிள்ளைகள் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரையைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதற்குள் லெவ் தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி. பேட்டரி கிடையாது, கம்பி கிடையாது. வெளியே இருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும் உயிர் வரும். ஏழு வருஷம் தூதர் அறையிலேயே தொங்கி, 1952-இல்தான் பிடிபட்டது. இதுக்கெல்லாம் யாரு காப்புரிமை மனு போடுவாங்க!

இன்னொன்று நேர் வழி. ரேதியான் கம்பெனியின் வில்லியம் பிரவுன் 1964-இல் கீழேயிருந்து மைக்ரோவேவ் கற்றையைப் பாய்ச்சி ஒரு குட்டி ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுக் காட்டினார். ஆன்டெனாவும் டயோடும் சேர்ந்த அந்தத் தகட்டுக்கு 1969 மார்ச்சில் காப்புரிமை. 1973 ஜனவரியில் மாரியோ கார்டுல்லோவுக்கு, பேட்டரி இல்லாமலே பதில் சொல்கிற நினைவகச் சில்லுக்குக் கிடைத்தது. அதோட பேரப்பிள்ளை இன்றைக்கு உங்க கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கு. ஃபாஸ்டேக்தான். உள்ளே பேட்டரி கிடையாது. டோல்கேட்டில் மேலே இருக்கிற ரீடர் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிற அலையிலேயே விழித்துக்கொண்டு, நம்பரைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும்.

சரி, நம்ம நாட்டுச் சோதனைக்கு வருவோம். 1911 சட்டத்தில் 'புதுசு' என்றால் இந்தியாவுக்குள் புதுசு என்கிற அளவுதான். சுதந்திரத்துக்கு அப்புறம் சட்டத்தை அலசிப் பார்க்க 1957-இல் நம்ம சென்னை ஹைகோர்ட் நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரிடம் கொடுத்தார்கள். 1959 செப்டம்பரில் அறிக்கை வந்தது. மருந்து விலைக்காக இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற அறிக்கை. அதை வைத்து எழுதிய 1970-ஆம் வருஷச் சட்டம் 1972 ஏப்ரல் 20-இல் அமலுக்கு வந்தது. அதற்கப்புறம் உலகத்தில் எந்த மூலையில் அச்சாகியிருந்தாலும் அது பழசுதான். போஸ், பிக்கார்ட், பிரவுன் எல்லாரும் நம்ம பையனுக்கு முன்னாடி வரிசையில் நிற்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு எனக்கு ரொம்பப் பிடித்த இடம். எதெல்லாம் கண்டுபிடிப்பு இல்லை என்று பட்டியல் போடும். முதல் உட்பிரிவே, இயற்கை விதிக்கு வெளிப்படையாக முரணான எதற்கும் கிடையாது என்கிறது. நிரந்தர இயக்க யந்திரக்காரர்களுக்குப் போட்ட தாழ்ப்பாள் இது. இங்கிலாந்தின் 1949 சட்டத்திலும் இதே மாதிரி வாசகம் இருந்தது. இன்னொரு உட்பிரிவு, தெரிந்த சாமான்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனித்தனியாகச் செய்தால் அதுவும் கண்டுபிடிப்பு இல்லை என்கிறது.

முதல் தாழ்ப்பாளுக்கு ஒரு கணக்கு. காரைக்கால் பண்பலை 100.3-ஐ எடுத்துக்குவோம். 10 கிலோவாட் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு சதுர மீட்டரில் விழுவது 0.8 மில்லிவாட். வீட்டில் எரிகிற 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு, விழுவதை ஒரு துளி சிந்தாமல் பிடித்தாலும், 11,300 சதுர மீட்டர் வேணும். நம்ம கணக்கில் எட்டரை மா நிலம்! பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் நாற்பத்திரண்டு வேலி. ஒரு பல்புக்கு. 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில், வைஃபை அலையிலிருந்து போனை ஒன்றரை மணி நேரத்தில் நிரப்பும் என்று ஒரு கருவி பேசப்பட்டது. வீட்டு வைஃபை பெட்டி விடுவது சுமார் 0.1 வாட். அன்றைய போன் பேட்டரி சுமார் 4 வாட்-மணி. வெளியே விட்டது மொத்தத்தையும் பிடித்தாலே நாற்பது மணி நேரம். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும், பரிசோதகர் தேவையே இல்லை.

அதனால் பையனோட மனு குப்பை என்று சொல்ல வரவில்லை. மைக்ரோவாட்டில் ஓடுகிற ஈரப்பத சென்சார், நிமிஷத்துக்கு ஒரு தடவை விழித்துக்கொள்கிற கருவி, இதெல்லாம் நிஜம். சாதாரண சிலிக்கான் டயோடு திறக்க 0.6 வோல்ட் வேணும். வருகிற அலை அந்தக் கதவைத் தட்டக்கூடத் திராணியில்லாமல் நிற்கும். அதை எப்படி உள்ளே விடுவது என்பதில்தான் இன்றைக்கும் புதுசு பிறக்கிறது. பன்னாட்டு வகைப்பாட்டில் இந்த இனத்துக்கு எச்02ஜே 50/20 என்று தனி அறையே ஒதுக்கியிருக்கிறார்கள். புதுச்சேரி மாநில மனுக்கள் போகிற இடம் சென்னை கிண்டி ஆபீஸ். மனு 18 மாசத்தில் தானாக வெளியாகும். பரிசோதனை வேண்டுமென்றால் தனியாகக் கேட்கணும், 2024 மார்ச்சில் வந்த விதிப்படி 31 மாசத்துக்குள். கேட்காவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் முதல் பரிசோதனை அறிக்கை வரும், அதற்கு ஆறு மாசத்தில் பதில் சொல்லணும்.

பையனிடம் பரிசோதனை கேட்டாச்சா என்றேன். ஏஜென்ட் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம். தேதியைக் கணக்குப் பண்ணினோம், இன்னும் பதினொரு மாசம் கையில் இருக்கு. கோரிக்கைகளில் முதல் வரியில் 'வீட்டு மின்தேவை முழுவதையும்' என்று எழுதியிருந்ததை அவனே அடிச்சுட்டான். டயோடுக்கு முன்னால் அவன் போட்டிருக்கிற சுருள் எத்தனை வோல்ட்டைத் தூக்கிக் கொடுக்குது என்று அளந்து எழுதச் சொல்லியிருக்கேன். கல்லூரி லேபில் மீட்டர் கிடைக்கிற நாளுக்குக் காத்திருக்கான்.