மகோதரச் சிகிச்சையும் பொட்டாசியமும்

கல்லீரல் நாட்பட்டுக் கெட்டு, தழும்பேறி இறுகிப்போவது கல்லீரல் இழைநார் வளர்ச்சி (சிரோசிஸ்) எனப்படும். இந்நோயாளிகளின் வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது மகோதரம். ராயபுரத்தில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இன்று கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே நடைபெறுகிறது. ஆயினும் மகோதர நோயாளிகளில் பெரும்பாலோர் அன்றாடம் நம்பியிருப்பது சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகளைத்தான். நீரை வெளியேற்றினால் மட்டும் போதாது, பொட்டாசியத்தையும் காக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் படிப்படியாகக் கற்றுக்கொண்டதே இம்மருந்துகளின் வரலாறு.

வரலாறு

முற்காலத்தில் வயிற்றில் துளையிட்டு நீரை வடித்தனர். நீர் மீண்டும் சேர்ந்தது. 1919-இல் வியன்னாவில் மேகநோய்க்குப் பாதரச ஊசி போடப்பட்டபோது சிறுநீர் பெருகுவதை ஆல்ஃபிரெட் ஃபோகல் என்ற மருத்துவ மாணவர் கவனித்தார். அதன்பின் பல ஆண்டுகள் பாதரச ஊசிகளே முதன்மை மருந்தாக இருந்தன. 1950-களின் இறுதியில் குளோரோதயசைடும், 1960-களில் ஃபுரோசெமைடும் வந்தன.

இவை உப்பையும் நீரையும் வெளியேற்றின. கூடவே பொட்டாசியத்தையும் வெளியேற்றின. பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகம் கூடுதலாக அம்மோனியா உண்டாக்கும். கெட்டுப்போன கல்லீரலால் அதை நீக்க முடியாது. வயிறு வற்றிய நோயாளி மனக்குழப்பத்திலும் மயக்கத்திலும் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1953-இல் ஆல்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் பிரித்தெடுக்கப்பட்டது. உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுவது அதன் வேலை. இழைநார் வளர்ச்சியில் அது மிகுதியாகச் சுரக்கிறது. அதன் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் 1960-ஐ ஒட்டிப் பயன்பாட்டுக்கு வந்தது. 1983-இல் வெளியான பார்சிலோனா மருத்துவர்களின் ஒப்பாய்வில், மகோதரத்துக்கு ஃபுரோசெமைடைவிட இதுவே நன்கு பயன் தந்தது.

இன்றைய முறை

இரண்டையும் சேர்த்துத் தரும்போது, 100 மி.கி. ஸ்பைரோனோலாக்டோனுக்கு 40 மி.கி. ஃபுரோசெமைடு என்பது வழக்கமான விகிதம். ஒன்று பொட்டாசியத்தை ஏற்றும், மற்றது இறக்கும். இரண்டும் சேர்ந்தால் அளவு ஏறக்குறையச் சமன்படும். கால்வீக்கம் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல் எடை குறையக்கூடாது.

ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவரின் சிறுநீரகம் தளர்ந்தால், பொட்டாசியம் மிகுந்து இதயத்துடிப்பு தாறுமாறாகும். அந்நிலையில் இளநீரும் வாழைப்பழமும்கூடத் தீங்காகலாம். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். மறுபுறம், கருவாடு, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றின் உப்பு மாத்திரையின் பயனைக் கெடுக்கும். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே.

பொட்டாசியம் கூடியதா குறைந்ததா என்பதை வயிற்றின் அளவைப் பார்த்து அறிய முடியாது. எனவே வயிறு வற்றிவிட்டது என்பதற்காக இரத்தப் பரிசோதனையை விட்டுவிடலாகாது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையின் அளவை மாற்றவும் கூடாது.