ஒரு துளி, ஒரு கூட்டம்: வளர்ப்பு எறும்புகளுக்குத் திரவ உணவு கொடுப்பது எப்படி?

பிட்டுத் துகளையோ செத்த ஈயையோ கவ்வி இழுத்துச் செல்லும் எறும்பைப் பார்த்திருப்பீர்கள். அந்த எறும்பால் அதை விழுங்க முடியாது. வளர்ந்த வேலைக்கார எறும்பின் வாய்க்குள் திண்மத் துகள்களைத் தடுத்து நிறுத்தும் ஒரு சிறு பை இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போவது திரவம் மட்டுமே. இழுத்துச் செல்லப்படும் இரை பெரும்பாலும் கூட்டிலுள்ள புழுக்களுக்கானது.

திருநெல்வேலியில் நான் தங்கியிருக்கும் வீட்டில் ஒரு கட்டெறும்புக் கூட்டத்தை வளர்த்து வருகிறேன். சீனிப் போத்தலைத் தண்ணீர்த் தட்டில் வைத்து எறும்பை விரட்டும் ஊரில், அதே சீனியைக் கரைத்து எறும்புக்கு வைப்பவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, தாங்களும் வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் குறிப்பு.

பொது வயிறு

எறும்பின் வயிற்றுப் பகுதியில் இரண்டு அறைகள் உண்டு. குடித்த திரவம் முதலில் முன்னறையில் தங்கும். இதைச் 'சமூக வயிறு' என்பார்கள். தனக்குத் தேவையான அளவை மட்டும் ஒரு வால்வின் வழியே பின்னறைக்கு விட்டுச் செரிக்கிறது. மீதியை, கேட்டு வரும் கூட்டாளிக்கு வாயோடு வாய் வைத்துக் கொடுக்கிறது. இந்தப் பரிமாற்றத்துக்கு 'ட்ரோபலாக்சிஸ்' என்று 1918 இல் பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் மோர்ட்டன் வீலர்.

2011 இல் மைசூரைச் சேர்ந்த முகமது பாபு, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் நிறமேற்றிய சீனித் துளிகளைக் குடித்த எறும்புகளைப் படமெடுத்தார். கண்ணாடி போன்ற அவற்றின் வயிறுகள் குடித்த நிறத்திலேயே ஒளிர்ந்தன. உலகெங்கும் பகிரப்பட்ட அந்தப் படங்களில் தெரிவது இந்தப் பொது வயிறுதான்.

பரிமாறப்படுவது உணவு மட்டுமல்ல. புளோரிடா கட்டெறும்புகளில் 2016 இல் வெளியான ஆய்வு, அந்தத் திரவத்தில் புரதங்களும் வளர்ச்சியைத் தூண்டும் ஓமோனும் இருப்பதைக் காட்டியது. எல்லா இனமும் இப்படிச் செய்வதில்லை. எங்கள் தீவின் பெயரைத் தாங்கிய 'டயகம்மா சிலோனென்ஸ்' இருக்கும் டயகம்மா வகை, துளியைத் தாடைகளுக்கிடையே ஏந்திக் கூட்டுக்குக் கொண்டுபோகும்.

எதைக் கொடுப்பது?

எப்போதும் இருக்க வேண்டியது வெறும் தண்ணீர். சோதனைக் குழாயில் மூன்றிலொரு பங்கு நீர் விட்டு, ஈரம் கசியும்படி பஞ்சால் இறுக அடைத்தால் கிழமைக் கணக்கில் போதும்.

அடுத்தது சீனித் தண்ணீர். நான்கு பங்கு கொதித்தாறிய நீருக்கு ஒரு பங்கு சீனி. தேன் என்றால் அதையும் நீர் சேர்த்து இளக்கியே கொடுங்கள். கட்டியான தேனில் சிறிய எறும்புகள் ஒட்டிச் சாகும். புழுக்கள் வளரப் புரதமும் வேண்டும். அதற்கு இடையிடையே ஒரு சிறு பூச்சி போதும். இனிப்பைக் குறைத்துப் புரதத்தை மிகுத்தால் வேலைக்கார எறும்புகளின் ஆயுள் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க, 1970 இல் பட்கர், விட்கோம்ப் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கலவை இன்றும் பயன்படுகிறது. முட்டை, தேன், விற்றமின், நீர் ஆகியவற்றை அகர் அகர் சேர்த்து உறையவைப்பதே அது. கூழாக இருப்பதால் எறும்புகள் மூழ்குவதில்லை.

தனியே பிடிபட்ட இராணிக்கு அவசரப்பட்டு உணவு வைக்க வேண்டாம். கட்டெறும்பு போன்ற பல இனங்களில் இராணி, உதிர்த்த சிறகுகளின் தசையையும் உடற்கொழுப்பையும் கரைத்தே முதற்பிள்ளைகளை வளர்த்துவிடும். அதற்குத் தேவை நீர், இருட்டு, அமைதி.

எப்படிக் கொடுப்பது?

திறந்த தட்டில் ஊற்றக் கூடாது. எறும்புக்குச் சிறு நீர்த்துளியும் குளம்தான். சீனித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சிறு பஞ்சுத் துண்டு, அல்லது ஊசியில்லாச் சிரிஞ்சால் போத்தல் மூடியில் வைத்த ஒரு துளி போதும். அதை அவை வாழும் அறைக்குள் வைக்காமல், இரை தேடும் வெளித்தட்டில் வையுங்கள். யாழ்ப்பாணத்து வெக்கையில் சீனித் தண்ணீர் விரைவில் புளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிட வேண்டும்.

ஒரே துளியில் நஞ்சும்

கடையில் விற்கும் எறும்பு மருந்துகள் பல, இந்தப் பகிர்வை நம்பியே தயாரிக்கப்படுகின்றன. இனிப்பில் சிறிதளவு போரிக் அமிலம் கலந்தால், குடித்த எறும்பு உடனே சாகாது. கூட்டுக்குப் போய்ப் பகிரும். பிறகு இராணி வரை சாகும். கரம் போர்ட்டில் தூவும் பவுடரும் பெரும்பாலும் இதே போரிக் அமிலம்தான். அதைத் தொட்ட கையோடு உணவு கலக்காதீர்கள். மருந்து தெளித்த தோட்டத்துப் பூச்சியையும் பழச்சாற்றையும் தவிருங்கள். நாயோ பூனையோ ஒன்று நோயுற்றால் மற்றது தப்பலாம். இங்கே ஒரு துளி தவறினால் கூட்டமே போய்விடும்.

இணையத்தில் வாங்கலாமா?

வேண்டாம். 2025 ஏப்ரலில் கென்யாவில், பஞ்சு வைத்த 2,000 க்கும் அதிகமான சோதனைக் குழாய்களில் சுமார் 5,000 எறும்புகளுடன் 19 வயதான இரு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டார்கள். அவர்களுக்கு மே மாதம் தலா 10 இலட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. வளர்ப்புச் சந்தைக்காகக் காட்டிலிருந்து ஓர் இராணியை எடுத்தால், அவள் உருவாக்கவிருந்த கூட்டமும் அங்கே இல்லாமல் போகிறது. வெளியூர் இனம் தப்பி இங்கே பெருகினாலும் ஆபத்துத்தான்.

முற்றத்தில் இருக்கும் இனமே போதும். வளர்க்க முடியாமல் போனால், பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வளர்க்கவே விருப்பமில்லையென்றால், நிழலான மதிலோரம் ஒரு துளி சீனித் தண்ணீர் வைத்துவிட்டுப் பொறுத்திருந்து பாருங்கள். வயிறு புடைக்கத் திரும்பும் எறும்பு, எதிரே வரும் இன்னொன்றுக்கு வாய் கொடுப்பதை அங்கேயே காணலாம்.