ஹெர்மன் ஷேர்

ஹெர்மன் ஷேர் (29 ஏப்ரல் 1944 – 14 அக்டோபர் 2010) ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அரசியல்வாதி. 1980 முதல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அந்நாட்டு நாடாளுமன்றமான புன்டெஸ்டாக்கில் உறுப்பினராக இருந்தார். மத்திய அமைச்சர் பதவி எதுவும் அவருக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் சூரிய மின்சாரத்தை ஆய்வுக்கூடத்திலிருந்து சாதாரண வீட்டுக் கூரைக்குக் கொண்டுவந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவர் பெயர்தான்.

ஹெஸ்ஸெ மாநிலத்தின் வேர்ஹைமில் பிறந்தவர். இளவயதில் ராணுவ அதிகாரி, ஐந்து விளையாட்டுகள் அடங்கிய பென்டத்லான் வீரர். ஹைடல்பெர்க்கிலும் பெர்லினிலும் படித்து அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். நாடாளுமன்றத்துக்கு வரும் முன் அவர் வேலை பார்த்த இடம் கார்ல்ஸ்ரூவே அணு ஆராய்ச்சி மையம். பிற்காலத்தில் அணுமின்சாரத்தை அவ்வளவு கடுமையாக எதிர்த்தவர், அந்தத் துறையை உள்ளிருந்தே பார்த்தவர். நாடாளுமன்றத்தில் முதல் பத்தாண்டுகள் ஆயுதக் குறைப்புதான் அவர் துறை. 1988-இல் சூரிய ஆற்றலுக்காக யூரோசோலார் என்ற சங்கத்தைத் தொடங்கியபோது கட்சிக்குள்ளேயே அதைப் பொழுதுபோக்காகப் பார்த்தவர்கள் உண்டு.

அவருடைய வாதம் சுற்றுச்சூழலோடு நின்றுவிடவில்லை. எண்ணெயும் நிலக்கரியும் யுரேனியமும் சில இடங்களில்தான் கிடைக்கின்றன. ஆகவே சிலர் கையில்தான் இருக்கும். வெயிலும் காற்றும் எல்லா ஊரிலும் உண்டு. எரிபொருளை மாற்றினால் யார் உடைமையாளர் என்பதும் மாறும் என்பது அவர் கணக்கு. 'சூரியப் பொருளாதாரம்' பற்றிய அவரது 1999-ஆம் ஆண்டு நூலும், 2005-இல் வந்த 'எரிசக்தித் தன்னாட்சி' நூலும் இதைத்தான் விரித்துப் பேசுகின்றன. சஹாராவில் பிரம்மாண்டமான சூரிய மின் நிலையங்கள் அமைத்து ஐரோப்பாவுக்கு மின்சாரம் கொண்டுவரும் டெசர்டெக் திட்டத்தை 2009-இல் பலரும் கொண்டாடியபோது ஷேர் எதிர்த்ததும் இதனால்தான். மின்சாரம் சுத்தமாக இருந்தால் போதாது, அது பெருநிறுவனங்களின் கையில் மறுபடியும் சிக்கக்கூடாது என்றார். பசுங்குடில் வாயுக்களைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்படிக்கையையும் கார்பன் வணிகத்தையும்கூட அவர் நம்பவில்லை. எல்லா நாடுகளும் ஒத்துவரும்வரை காத்திருப்பது, ஒன்றும் செய்யாமலிருக்க நல்ல சாக்கு என்பது அவர் எண்ணம்.

2000-ஆம் ஆண்டுச் சட்டம்

2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னோடி ஒன்று இருந்தது. 1990-இல் பவேரியாவின் பழமைவாதக் கட்சி உறுப்பினர் மத்தியாஸ் எங்கல்ஸ்பெர்கரும் பசுமைக் கட்சியின் வொல்ஃப்காங் டேனியல்ஸும் சேர்ந்து ஒரு சிறிய சட்டம் கொண்டுவந்தார்கள். சிற்றாறுகளில் புனல்மின் ஆலை வைத்திருந்தவர்களின் மின்சாரத்தை மின்வாரியங்கள் நல்ல விலைக்கு வாங்கவில்லை என்பதே அதன் பின்னணி. அந்தச் சட்டம் காற்றாலைகளை வளர்த்தது. சூரிய மின்சாரத்துக்கு அது தந்த விலையோ அடக்கவிலைக்கு அருகில்கூட வரவில்லை. ஆஹன், ஹம்மல்பூர்க் போன்ற சில நகராட்சிகள் மட்டும் செலவு கட்டுப்படியாகும் விலையைத் தாங்களே கொடுத்துப் பார்த்தன.

1998-இல் சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் சேர்ந்து ஆட்சிக்கு வந்தன. 1999 ஜனவரியில் ஒரு லட்சம் கூரைகள் திட்டம் தொடங்கியது; கூரையில் சூரியத் தகடு மாட்டுபவர்களுக்குத் தொடக்கத்தில் வட்டியில்லாக் கடன். இதன் பின்னாலும் ஷேர் இருந்தார். ஆனால் விற்கும் மின்சாரத்துக்கு விலை இல்லாமல் கடன் மட்டும் இருந்து என்ன பயன்? முதல் ஆண்டில் எதிர்பார்த்த அளவுக்கு யாரும் முன்வரவில்லை.

வழக்கமாக ஜெர்மனியில் இத்தகைய மசோதாக்களை அமைச்சகங்கள்தான் எழுதும். பொருளாதார அமைச்சர் வெர்னர் முல்லர் மின் துறையிலிருந்தே வந்தவர். அவரிடமிருந்து வேகத்தை எதிர்பார்க்க முடியவில்லை. எனவே ஷேர், அவர் கட்சியின் டீட்மர் ஷுட்ஸ், பசுமைக் கட்சியின் ஹான்ஸ்-யோசஃப் ஃபெல், மிகாயெலே ஹுஸ்டெட் ஆகிய நான்கு உறுப்பினர்கள் மசோதாவைத் தாங்களே எழுதினார்கள். 25 பிப்ரவரி 2000-இல் நிறைவேறி ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது.

சட்டத்தின் சாமர்த்தியம் அதன் விவரங்களில் இருக்கிறது. கூரையில் 5 கிலோவாட் தகடு மாட்டும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கு ஜெர்மனியில் அது ஆண்டுக்குச் சுமார் 4,500 யூனிட் தரும். யூனிட்டுக்கு 99 பெனிக், அதாவது ஏறத்தாழ 51 யூரோ சென்ட். அன்றைய வீட்டுக் கட்டணத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல். அந்த விலை இருபது ஆண்டுகளுக்கு மாறாது. இணைப்புத் தரமாட்டேன் என்று உள்ளூர் மின்தொகுப்பு நிறுவனம் சொல்ல முடியாது. இந்த மின்சாரத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடுதல் செலவு நாடு முழுதும் சமமாகப் பங்கிடப்பட்டு எல்லார் மின்கட்டணத்திலும் ஏறும். கருவூலத்திலிருந்து ஒரு காசும் கிடையாது. ஆகவே எந்த நிதியமைச்சரும் வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டிவிட முடியாது. வருமானம் சட்டத்திலேயே எழுதியிருந்ததால் கிராமத்துச் சேமிப்பு வங்கிகூடத் தயங்காமல் கடன் கொடுத்தது. தாமதமாக வருபவர்களுக்கு விலை குறையும்: 2002 முதல் புதிய இணைப்புகளுக்கு ஆண்டுதோறும் 5 சதவீதம் கழிவு. தகடு செய்பவர்கள் விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இதிலிருந்து வந்தது.

மக்கள் அலைமோதினார்கள். கூரைத் திட்டத்தின் கடன் விண்ணப்பங்களைச் சமாளிக்க முடியாமல் அரசு வங்கி சில மாதங்களில் விதிமுறைகளை மாற்ற வேண்டிவந்தது. மின் நிறுவனங்கள் ஏற்கெனவே பழைய சட்டத்தை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிருந்தன. அரசுப் பணம் கைமாறாததால் இது அரசு மானியம் ஆகாது என்று 2001 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கருவூலத்தைத் தொடாமல் எழுதியதன் பலன் அங்கேயும் தெரிந்தது. 2000-இல் ஜெர்மனியின் மின் நுகர்வில் சுமார் 6 சதவீதமாக இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரம் ஷேர் இறந்த ஆண்டில் ஏறக்குறைய 17 சதவீதமானது. 2023-இல் பாதியைத் தாண்டியது.

குறைகளும் உண்டு. தகட்டின் விலை சரிந்த வேகத்துக்குச் சட்டத்தின் விலை இறங்கவில்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாபம் அளவுக்கு மீறிப்போய், மின்கட்டணத்தில் ஏறிய கூடுதல் தொகை 2014-இல் யூனிட்டுக்கு 6.24 சென்ட் ஆனது. பெருமளவு மின்சாரம் தின்னும் ஆலைகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு அந்தச் சுமையையும் வீடுகளின் தலையில் வைத்ததைச் சட்டத்தை எழுதியவர்களின் தவறு என்பது முழுக்க நியாயமில்லை. ஜெர்மனியின் சொந்தத் தகட்டுத் தொழில் சீனப் போட்டியில் நொறுங்கியது. உலகிலேயே பெரிய சூரிய மின்கலத் தயாரிப்பாளராக இருந்த க்யூ-செல்ஸ் 2012-இல் திவாலானது. ஆனால் சீன ஆலைகள் அந்த அளவுக்குப் பெருக்க ஜெர்மன் கூரைகளின் தேவைதான் பெரிய காரணம். இன்று உலகம் முழுதும் தகடு மலிவாகக் கிடைப்பதற்கான விலையில் ஒரு பங்கை ஜெர்மன் குடும்பங்கள் கட்டின.

பிற பணிகள்

1999-இல் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். 2008-இல் ஹெஸ்ஸெ மாநிலத்தில் பொருளாதார, சுற்றுச்சூழல் அமைச்சராக வேண்டியவர்; சொந்தக் கட்சியின் நான்கு உறுப்பினர்கள் ஆதரவு தர மறுத்ததால் அந்த ஆட்சியே அமையவில்லை. அணுசக்திக்கு ஒரு சர்வதேச முகமை இருக்கும்போது சூரியனுக்கும் காற்றுக்கும் ஏன் இல்லை என்று 1990 முதல் கேட்டுக்கொண்டிருந்தார். 26 ஜனவரி 2009-இல் பான் நகரில் 75 நாடுகள் கையெழுத்திட்டு சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை உருவானது. தலைமையகம் போய்ச் சேர்ந்தது எண்ணெய் வளமிக்க அபுதாபியில்.

2000-ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னாளில் உருமாறியது. 2017 முதல் பெரிய திட்டங்களுக்கு விலையை ஏலம் தீர்மானிக்கிறது. ஏலத்துக்கு வேண்டிய ஆட்பலமும் மூலதனமும் இல்லாத குடிமக்கள் கூட்டுறவுகள் இதில் பின்தங்கின. 2022 ஜூலையில் மின்கட்டணத்தில் ஏறிவந்த கூடுதல் தொகை பூஜ்ஜியமாக்கப்பட்டு, செலவு முழுதும் அரசுக் கருவூலத்துக்கு மாறியது. 2000-இல் மாட்டிய தகடுகளுக்கான உறுதி விலை 31 டிசம்பர் 2020-உடன் முடிந்தது. பெரும்பாலானவை அதற்குப் பிறகும் நன்றாக ஓடியதால், அவற்றின் மின்சாரத்தைச் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ள நாடாளுமன்றம் தனியாக ஒரு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.