சிறப்புப் பட்டக் கல்வியும் கல்முனைக் கரையோரமும் – வாய்ப்புகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு பிரதேசத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடசாலைகளின் தோற்றத்தையும் பட்டதாரிகளின் தொகையையும் கொண்டே அதனை அளவிடுவர். அவ்வளவீடு பிழையன்று, ஆயினும் நிறைவானதுமன்று. பல்கலைக்கழகத்தினுள் புகுந்த மாணவன் முன் எத்தகைய வாயில்கள் திறந்திருந்தன, அவை எப்பொழுது திறக்கும் என்பதை அவனுக்கு யார் அறிவித்தனர், அவற்றினுள் நுழைதற்கு வேண்டிய பொருளை யார் அளித்தனர் என்னும் வினாக்களும் வரலாற்றின்பாற்பட்டனவே. பொதுப் பட்டத்தை விடச் சிறப்புப் பட்டம் தொடர்பிலேயே இவ்வினாக்கள் கூர்மையாக எழுகின்றன.

மூன்றாண்டுப் பொதுப் பட்டம் பல பாடங்களைத் தழுவியது. நான்காண்டுச் சிறப்புப் பட்டமோ ஒரு துறையில் ஆழ்ந்து சென்று, இறுதியாண்டில் ஆய்வுக் கட்டுரையொன்றைச் சமர்ப்பிக்குமாறு வேண்டுவது. அதில் முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவிலோ சித்தியெய்தியோர்க்கே விரிவுரையாளர் பதவியும் மேற்படிப்பும் எளிதிற் கிட்டுவன. 2012 இல் வெளிவந்த இலங்கைத் தகைமைச் சட்டகமும் பொதுப் பட்டத்தை ஐந்தாம் படிநிலையிலும் சிறப்புப் பட்டத்தை ஆறாம் படிநிலையிலும் வைத்துள்ளது. எனவே ஒரு சமூகத்திலிருந்து எத்தனைபேர் பட்டம் பெற்றனர் என்பதோடு, எத்தனைபேர் சிறப்புக் கற்கைக்குத் தெரிவாயினர் என்பதையும் நோக்குதல் வேண்டும். அச்சமூகத்தின் வரலாற்றையும் மொழியையும் வாழ்வியலையும் ஆராயும் அறிஞர் அச்சமூகத்திலிருந்தே தோன்றுவரா என்பதை அத்தெரிவே பெரிதும் தீர்மானிக்கின்றது.

கரையோரமும் தொடக்க காலமும்

வடக்கே மருதமுனையிலிருந்து கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று தெற்கே அக்கரைப்பற்று வரை நீளும் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பவை. உள்ளே வயல் நிலத்தின் நடுவே சம்மாந்துறை உள்ளது. நெல் வேளாண்மையும் மீன்பிடியும் மருதமுனையின் நெசவும் இவ்வூர்களின் வாழ்வாதாரங்கள். தமிழ்மொழி பேசும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இப்பிரதேசம், 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாகவே நிருவகிக்கப்பட்டது.

இலங்கையில் உயர்கல்வி 1921 இல் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியோடு புதிய கட்டத்தை அடைந்தது. அக்கல்லூரி மாணவர் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கே தோற்றினர். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதில் பயின்றோர் 904 பேர் மட்டுமே. போதனாமொழி ஆங்கிலமாயிருந்தமையால், ஆங்கிலப் பாடசாலையில் பயிலும் வசதி படைத்தோரே அவ்வாயிலை அணுக இயன்றது. கல்முனைக் கரையோரத்து வயற்காரன் மகனுக்கும் மீனவன் மகனுக்கும் அது எட்டாக்கனியாகவே இருந்தது.

ஆயினும், அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் இக்கரையோர மண்ணிலேயே பிறந்தவர் என்பது நினைவுகூரத்தக்கது. காரைதீவிற் பிறந்து, கல்முனையிற் கல்வி கற்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சுவாமி விபுலானந்தர் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியப் பதவியை ஏற்று, 1947 இல் மறையும்வரை அப்பணியில் இருந்தார்.

அசீஸ் அவர்களும் புலமைப் பரிசில் நிதியும்

இக்கரையோரத்தின் கல்வி வாய்ப்புகளைப் பற்றிப் பேசுமிடத்து ஏ. எம். ஏ. அசீஸ் அவர்களுக்கு முதலிடம் அளித்தல் பொருந்தும். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்து, வரலாற்றிற் சிறப்புப் பட்டம் பெற்று, இலங்கைக் குடிசார் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம் அவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு அவர் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். நெல்லைப் பெருக்க வந்தவர் கல்வியின்மையைக் கண்டார். விபுலானந்த அடிகளாருடன் அவருக்கு ஏற்பட்ட நட்பும் அக்காலத்ததே. அவர் முயற்சியால் அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று.

கல்முனையிற் பெற்ற இவ்வனுபவமே 1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப் பரிசில் நிதியம் உருவாவதற்கு வித்தாயிற்று. இதன் வரலாற்று முக்கியத்துவம் சிந்திக்கத்தக்கது. அதே ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கினும் மாணவனின் உணவு, உறையுள், நூல், பயணம் ஆகிய செலவுகள் நீங்கவில்லை. உழைக்கும் வயதடைந்த மகன் படிக்கச் செல்வதால் வறிய குடும்பம் இழக்கும் வருவாயையும் இலவசக் கல்வி ஈடுசெய்யவில்லை. அரசின் திட்டம் எட்டாத இடத்தை நிரப்பும் முயற்சியாகவே புலமைப் பரிசில் நிதியத்தை நாம் கொள்ளலாம். மகாபொல நிதியம் 1981 இலேயே சட்டத்தால் நிறுவப்பட்டது என்பதை எண்ணும்போது அம்முயற்சியின் முன்னோக்கு நன்கு புலனாகும்.

1949 இல் கல்முனையில் தோன்றி, பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி எனப் பெயர் பெற்ற பாடசாலை உயர்கல்விக்கான அடித்தளத்தை ஊரிலேயே இட்டது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை, ஆசிரியத் தொழிலின் வழியாகக் கல்வியின்பாற் சென்ற ஒரு தலைமுறையை உருவாக்கிற்று.

பேராதனையும் தாய்மொழிக் கல்வியும்

1952 இல் கலைப்பீடம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1960 முதல் அங்குத் தமிழிலும் சிங்களத்திலும் போதனை தொடங்கியமை கரையோர மாணவர்க்குப் பெருந்திருப்பமாக அமைந்தது. தமிழில் மட்டும் கற்ற மாணவன் முதன்முறையாக மகாவலிக் கரையின் விரிவுரை மண்டபத்தில் அமர முடிந்தது.

அக்காலத்துப் பல்கலைக்கழக வாழ்வில் வகுப்பறைக்கு வெளியே நிகழ்ந்தவையும் கல்வியின் கூறுகளே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் நெறிப்படுத்தலில் மாணவர் மேடையேற்றிய ‘இராவணேசன்’ முதலிய கூத்துகள் மட்டக்களப்பு மரபிலிருந்து எழுந்தவை. கிழக்கிலிருந்து வந்த மாணவர் தம் ஊர்க் களரியிற் கண்டதைப் பல்கலைக்கழக அரங்கிற்குக் கொணர்ந்தனர். அரங்கில் ஆடியவருள் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் அம்மரபையே கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். மாணவர் நிகழ்ச்சியொன்று ஆய்வுத் துறையொன்றின் வாயிலாக மாறிய வரலாறு இது. தமிழ்ச் சங்கத்தின் விழாக்களும் ‘இளங்கதிர்’ போன்ற மலர்களும் இளம் ஆய்வாளர் தம் முதற் கட்டுரையை எழுதிப் பழகும் களங்களாயின.

ஆய்வு நிகழ்ச்சிகள் பல்கலைக்கழக மதிலுக்குள் மட்டும் நிகழ்ந்தனவல்ல. எம். எம். உவைஸ் அவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டை முதுமாணிப் பட்டத்துக்கு ஆராய்ந்து, 1953 இல் அதனை நூலாக வெளியிட்டார். அவ்வாய்வு தொடங்கிவைத்த விழிப்பு 1966 இல் மருதமுனையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடாக மலர்ந்தது. நெசவாளரூர் ஒன்று அறிஞர்களை அழைத்துத் தன் இலக்கியப் பாரம்பரியத்தை ஆராயச் செய்தமை, ஆய்வுக்கும் மக்களுக்கும் இடைவெளி இருத்தல் வேண்டியதில்லை என்பதற்குச் சான்றாகும்.

அனுமதி முறையும் அதன் எல்லையும்

1970களின் தொடக்கத்தில் அறிமுகமான தரப்படுத்தலும் 1974 இன் மாவட்டக் கோட்டா முறையும் தமிழ்மொழி மூல மாணவரை ஒரே வகையாகப் பாதிக்கவில்லை. யாழ்ப்பாணத்து மாணவர்க்கு அவை பேரிழப்பாயின. அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் மாணவர் சிலர்க்கோ மாவட்டக் கோட்டா புதிய வாயிலைத் திறந்தது. ஒரே கொள்கை ஓரிடத்தில் அநீதியாகவும் பிறிதோரிடத்தில் வாய்ப்பாகவும் அனுபவிக்கப்பட்டமை, இரு பகுதியாரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வதற்கு இடையூறாயிற்று என்பதை மறைத்தலாகாது.

ஆயினும் கோட்டா பல்கலைக்கழக வாயில்வரை மட்டுமே துணைவரும். சிறப்புக் கற்கைக்கான தெரிவு முதலாண்டுப் பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டே நிகழ்வது. ஆங்கில நூல்களைப் படிக்கும் பயிற்சியும் நூலகப் பழக்கமும் வழிகாட்டும் மூத்தோரும் உள்ள மாணவன் அவ்வோராண்டிலேயே முந்திச் செல்வான். விண்ணப்ப நாள் முடிந்தபின் செய்தி அறிபவன், எத்துணை ஆற்றல் உடையவனாயினும், பொதுப் பட்டத்தோடு வீடு திரும்புவான்.

ஒலுவிலின் தோற்றம்

வந்தாறுமூலையில் 1981 இல் தோன்றிய மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. எனினும் போரும் இன முரண்பாடும் அவ்வாய்ப்பைச் சிதைத்தன. 1990 இல் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். கல்முனைக்குடியிற் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்துவந்த எம். ஏ. நுஃமான் அவர்கள் அதன்பின் பேராதனையிற் பணியாற்ற நேர்ந்தது. கிழக்கிலும் முஸ்லிம் மாணவர் தம் கற்கையைத் தொடர்வது அரிதாயிற்று. இந்நெருக்கடியின் விளைவாகவும், அமைச்சர் எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியாலும் 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் தொடங்கப்பெற்றது. 1996 இல் அது ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட முழுமையான பல்கலைக்கழகமாயிற்று.

இதன் பயனை அதிகமாக உணர்ந்தோர் பெண்களே எனலாம். மகியங்கனை வழியாக மலையேறிச் சென்று விடுதியில் தங்கிப் படித்தற்குப் பெற்றோர் உடன்படாத இல்லங்களிலிருந்தும் பெண்கள் ஒலுவிலுக்குப் பேருந்தில் சென்றுவரலாயினர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களைச் சிதைத்தபின்னரும் கல்வி அறுந்துபோகாமைக்கு அண்மையில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தமை துணைபுரிந்தது.

எனினும் அண்மை என்னும் வசதி ஒரு குறையையும் உடன் கொணர்ந்தது. பேராதனையில் யாழ்ப்பாணத்தானும் மலையகத்தானும் மட்டக்களப்பானும் ஒரே விடுதியில் உண்டு உறங்கி விவாதித்த சூழல் கரையோர மாணவர் பலர்க்கு இல்லாதொழிந்தது. ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்கும் சென்றுவரும் மாணவன் பட்டத்தைப் பெறுவான். பிறர் நோக்கைப் பெறுவது அரிது. இக்குறையை நீக்கத்தக்கவை ஆய்வரங்குகளும் மாணவர் கருத்தரங்குகளும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளுமே. ஆதலின் அவற்றைப் பொழுதுபோக்காகக் கருதுதல் தகாது. சிறப்புக் கல்வியின் இன்றியமையா உறுப்பாகவே அவற்றைக் கொள்ளவேண்டும்.

செய்யத்தக்கவை

மேற்கண்ட வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வாய்ப்பு என்பது இடம், பொருள், மொழி, செய்தி என்னும் நான்கும் ஒருங்குகூடும்போதே மெய்யாகின்றது. இடத்தை ஒலுவில் தந்தது. பொருளுக்குப் புலமைப் பரிசில் நிதியமும் மகாபொலவும் வழிகாட்டின. மொழித் தடையை 1960 ஓரளவு நீக்கியது. செய்தி என்னும் நான்காவது கூறே இன்றும் மெலிந்து கிடக்கின்றது.

அதனை வலுப்படுத்துதல் தமிழ்ச் சங்கங்களுக்கு எளிதாகும். சிறப்புக் கற்கைக்கு விண்ணப்பிக்கும் காலம், ஆய்வரங்குகளுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பும் இறுதி நாள், புலமைப் பரிசில்கள், கட்டுரைப் போட்டிகள் ஆகியவற்றை ஆண்டின் தொடக்கத்திலேயே ஓர் அட்டவணையாகத் தொகுத்து, முதலாண்டு மாணவர் கையிலும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பாடசாலை நூலகங்களிலும் கிடைக்கச் செய்யலாம். பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் ஆகிய நான்கு இடங்களின் சிறப்புக் கற்கை மாணவர் ஆண்டுதோறும் ஓரிடத்திற் கூடித் தம் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க வழிசெய்யலாம்.

ஆராயத்தக்க பொருளுக்கு இக்கரையோரத்திற் பஞ்சமில்லை. தாய்வழியாக வரும் குடிமுறை, வேளாண்மைச் சொற்கள், மருதமுனையின் தறி, மீனவர் வழக்கு, முஸ்லிம் பெண்களின் கவிகள், ஆழிப்பேரலை மாற்றியமைத்த ஊரமைப்பு ஆகியன ஆய்வாளரை எதிர்நோக்கியிருக்கின்றன. இவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். சிறப்புக் கற்கைக்குரிய ஒரு மாணவி உரிய நாளில் செய்தி அறியாமல் விலகிப்போவாளாயின், அவளோடு அவள் எழுதியிருக்கக்கூடிய ஆய்வும் போய்விடுகின்றது. 1942 இல் கல்முனைக்கு நெல்லுக்காக வந்த ஓர் அதிகாரி கண்டுகொண்ட குறை இது. அதனைத் தீர்க்கும் பொறுப்பு இன்று அம்மண்ணின் பட்டதாரிகளையே சார்ந்தது.