குன்றுதோறாடும் குமரன்

குன்று கண்ட இடமெல்லாம் குமரனைக் கண்டவர் தமிழர். 'குன்றுதோறாடல்' என்பதையே அவன் படைவீடுகளுள் ஒன்றாகப் போற்றிற்று திருமுருகாற்றுப்படை. அம்மரபு கடல் கடந்தும் தழைத்தது. மலேசியாவின் பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளை கோயில் கண்டார். 1892இல் அங்கே தைப்பூச விழா தொடங்கிற்று. குகை வாயிலில் 140 அடிச் சிலை எழுந்ததோ 2006இல்தான். இடைப்பட்ட 114 ஆண்டுகளும் அச்சிலையின்றியே காவடிகள் மலையேறின.

தலைநகர் தில்லிக்குப் பணி நாடி வந்த தமிழரும் குன்றையே தேடினர். இராமகிருஷ்ணபுரத்தில் உத்தர சுவாமிமலை 1973இல் குடமுழுக்குக் கண்டது. அங்கே வீற்றிருப்பவன் தந்தைக்கே பொருளுரைத்த சுவாமிநாதன்.

மகன் உரைக்கத் தந்தை கேட்ட அக்கதை நம் காலத்திலும் நிகழ்ந்தது. சேலம் மாவட்டத்துப் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022இல் 146 அடி முத்துமலை முருகன் எழுந்தான். அதற்கு முன்மாதிரி பத்துமலைச் சிலை. புலம்பெயர்ந்த சேய்கள் கண்ட வடிவைத் தாயகம் ஏற்றது.

சிலையின் உயரம் கண்ணை நிறைக்கும். கோயிலை வாழ்விப்பவை நாள்தோறும் படியேறும் கால்களே. நம் இளஞ்சிறார் 'முருகா' என்று தமிழில் அழைத்து ஏறும் வரை, எந்த மாநிலத்துக் குன்றும் நமக்கு அயலன்று.