சிகிச்சை பெறும் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கலாமா? சட்டம் கூறுவது என்ன?

புதுதில்லி: மனநலப் பாதிப்புக்காகவோ போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காகவோ மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தை இருந்தால், குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, ‘குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?’ என்பதே. இக்கேள்விக்கு விடை கிடைக்காத நிலையில் தாயின் சிகிச்சை தள்ளிப்போகிறது. அல்லது பால்குடி மறவாத குழந்தை தாயைப் பிரிந்து வாழ நேரிடுகிறது. இவ்விரண்டையும் தவிர்ப்பதற்கான வழியை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 வகுத்துள்ளது.

சட்டத்தின் 21ஆவது பிரிவு

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, மனநல நிறுவனத்தில் பராமரிப்பு, சிகிச்சை அல்லது மறுவாழ்வு பெறும் பெண்ணிடமிருந்து அவரது மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது.

நோயின் காரணமாகத் தாயால் குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும் என்றோ, குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் பிரிவு அவசியம் என்றோ சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவர் கருதினால் மட்டுமே தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும், ஊழியர்கள் அல்லது குடும்பத்தினரின் மேற்பார்வையில் குழந்தையைச் சந்திக்கத் தாய்க்கு வாய்ப்பளிக்க வேண்டும்.

பிரித்து வைக்கும் முடிவை 15 நாட்களுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்வது கட்டாயம். காரணம் நீங்கியவுடன் தாயும் குழந்தையும் மீண்டும் சேர்க்கப்பட வேண்டும். பிரிவு தொடர்ச்சியாக 30 நாட்களைத் தாண்டினால், உரிய மனநல ஆணையத்தின் ஒப்புதல் பெறப்பட வேண்டும்.

போதை மீட்பு மையங்களுக்கும் பொருந்துமா?

மது, போதைப்பொருள் பயன்பாட்டுடன் தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளும் இச்சட்டத்தில் மனநோய் என்ற வரையறைக்குள் அடங்குகின்றன. எனவே, இச்சட்டத்தின் கீழ் பதிவுபெற்று, அத்தகையோரைத் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் மறுவாழ்வு மையங்களும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டவை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019இல் வெளியான தேசிய ஆய்வில், ஆண்களில் 27.3 சதவீதத்தினரும் பெண்களில் 1.6 சதவீதத்தினரும் மது அருந்துவதாகக் கண்டறியப்பட்டது. இந்த இடைவெளியால், மறுவாழ்வு மையங்கள் பெரும்பாலும் ஆண்களை மனத்தில் கொண்டே அமைந்துள்ளன. பெண்களுக்கான தனிப் பிரிவுகள் குறைவு. குழந்தையுடன் தங்கும் வசதி அதனினும் அரிது.

பெங்களூருவின் முன்னுதாரணம்

தாயையும் சேயையும் ஒன்றாக அனுமதித்துச் சிகிச்சை அளிக்கும் முறை புதியதன்று. இங்கிலாந்தின் காசல் மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டிலேயே இதற்கான முயற்சி தொடங்கியது. இந்தியாவில், பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனத்தில், ஐந்து படுக்கைகளுடன் தாய்-சேய் மனநலப் பிரிவு 2009இல் தொடங்கப்பட்டது.

மேலை நாட்டு முறையை இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்தது இப்பிரிவின் சிறப்பு. தாயுடன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணும் உடன் தங்கி, குழந்தையைக் கவனித்துக்கொள்வதில் உதவுகிறார். தாய்ப்பால் ஊட்டுதல், குழந்தையின் அழுகையைப் புரிந்துகொள்ளுதல், அதனுடன் விளையாடுதல் ஆகியனவும் சிகிச்சையின் பகுதிகளாகின்றன.

ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பிரசவத்துக்குப் பிந்தைய கடும் மனநோய் ஏற்படுவதாக மருத்துவ உலகம் மதிப்பிடுகிறது. தூக்கமின்மை, குழப்பம், காரணமற்ற அச்சம், குழந்தையைப் பற்றிய விபரீத எண்ணங்கள் ஆகியவை இதன் அறிகுறிகள். இது உடனடிச் சிகிச்சை தேவைப்படும் அவசர நிலை. உரிய சிகிச்சையால் பெரும்பாலான தாய்மார்கள் நலமடைகின்றனர். சில மருந்துகளை உட்கொள்ளும்போதும் தாய்ப்பால் கொடுக்கலாம். சில மருந்துகளுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. இதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

அனுமதிக்கும் முன்பே, மையம் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றுள்ளதா, குழந்தை தாயுடன் தங்க இடம் உண்டா, குழந்தைநல மருத்துவரின் சேவை கிடைக்குமா, உறவினர் ஒருவர் உடன் தங்கலாமா என்பவற்றைக் கேட்டறிவது நல்லது. குழந்தை பிரிக்கப்பட்டால், அதற்கான காரணத்தையும் மறுஆய்வு நடைபெறும் நாளையும் கேட்டுப் பெறலாம்.

சேவையில் குறை இருப்பின் முதலில் நிறுவனத்தின் பொறுப்பு மருத்துவ அலுவலரிடமும், தீர்வு கிடைக்காவிடில் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம். இதற்கு இலவசச் சட்ட உதவி பெறவும் இச்சட்டம் உரிமை அளிக்கிறது.

மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணிலும், மகளிர் உதவிக்கு 181 என்ற எண்ணிலும், சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணிலும் தொடர்புகொள்ளலாம்.