45ஆம் எண் தோட்டா



நம் சபா மாநிலத்தின் கிழக்கே, கடலுக்கு அப்பால் சூலு தீவுகள் உள்ளன. பிலிப்பீன்ஸைச் சேர்ந்த அத்தீவுகளில் அமெரிக்கப் படை 1899இல் வந்திறங்கியது. அங்கு வாழ்ந்த மோரோ மக்கள் அவ்வாட்சியை ஏற்க மறுத்துப் பல்லாண்டுகள் போராடினர். அப்போரை ஒட்டி எழுந்த தோட்டா ஆராய்ச்சி ஒன்றை இன்று காண்போம்.

கைத்துப்பாக்கித் தோட்டாவின் பருமனை, ஓர் அங்குலத்தின் நூற்றில் இத்தனை பங்கு என்று அமெரிக்கர் குறிப்பர். அவர்களின் படை 1873இல் 45ஆம் எண் தோட்டாவை ஏற்றது. 1892இல் அதைக் கைவிட்டுச் சிறிய 38ஆம் எண்ணுக்கு மாறியது. கிரிஸ் ஏந்திப் பாய்ந்து வந்த மோரோ வீரர்களைச் சிறிய தோட்டா உடனே வீழ்த்தவில்லை என்று படையினர் முறையிட்டனர்.

இதனை ஆராய, படைக்கல அதிகாரி தாம்சனும் இராணுவ மருத்துவர் லகார்டும் 1904இல் பணிக்கப்பட்டனர். சிக்காகோ நகரில் இறைச்சிக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளையும், மனிதச் சடலங்களையும் வெவ்வேறு தோட்டாக்களால் சுட்டுப் பார்த்தனர். எண் 45க்குக் குறையலாகாது என்பது அவர்களின் முடிவு. இதன்வழி 1911இல் பிரௌனிங் வடிவமைத்த 45ஆம் எண் துப்பாக்கி படைக்கு வந்தது.

ஆயினும் சுடப்பட்ட மாடுகள் சிலவே. சுட்ட இடமும் முறையும் ஒரே சீராக இல்லை. மேலும், உயிர்நிலையில் படாத எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும் ஆளை உடனே நிறுத்தும் என்று நம்ப இயலாது. ஆகவே வீரருக்குக் குறிபார்க்கும் பயிற்சியை இடைவிடாது அளிக்க வேண்டும் என்று அவ்வறிக்கையே கூறியது. உலகம் எண்ணை நினைவில் வைத்தது, பயிற்சியை மறந்தது.

1985இல் அமெரிக்கப் படை 9 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு மாறியது. அடுத்த ஆண்டு மையாமி நகரில் கொள்ளையர் இருவருடன் நிகழ்ந்த மோதலில் கூட்டரசுப் புலனாய்வுத் துறையினர் இருவர் மாண்டனர். கொள்ளையன் ஒருவன் உடலில் பாய்ந்த தோட்டா இதயத்தை எட்டாமல் நின்றது. மீண்டும் பழி தோட்டாவின் மேல் விழுந்தது. அத்துறை பெரிய தோட்டாக்களுக்கு மாறிற்று. தோட்டா உயிர்நிலையை எட்டும் அளவுக்கு ஆழமாகப் பாய்வதும், சரியான இடத்தில் படுவதுமே முதன்மை என்று பின்னர் ஆராய்ந்து தெளிந்தனர். 2014இல் அதன் பயிற்சிப் பிரிவு, சீர்திருத்தப்பட்ட 9 மில்லிமீட்டர் தோட்டாவே போதும் என்றது. அதிர்வு குறைவாதலால் குறி தவறுவதும் குறையும் என்பது அதற்குக் காரணம்.

நேயர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1906 மார்ச்சில் ஜோலோ தீவின் புட் டாஜோ மலையில் தஞ்சம் புகுந்திருந்த மோரோ மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். நீள்துப்பாக்கிகளும் பீரங்கிகளும் ஏறிய அம்மலையில் தோட்டா சிறிது என்று எவரும் முறையிடவில்லை. கத்தி ஏந்தியவன் துப்பாக்கியை எதிர்த்து ஏன் ஓடி வந்தான்? அக்கேள்வியை ஆராய எந்தக் குழுவும் சிக்காகோவுக்கு அனுப்பப்படவில்லை. தோட்டாவின் பருமனை அளப்பது எளிது. தன் மண்ணைக் காக்க நின்றவனின் மனத்தை அறிவதே வரலாறு படிப்போரின் கடமை.